நெட் வரவில்லையா? லைன்மேனைக் கூப்பிடும் முன் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, ரவுட்டரின் பின்பக்கம் உள்ள சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு ரீசெட் அடிப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் அடித்தால் உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் போகாது. நெட் நிறுவனம் பெட்டிக்குள் போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, இணைப்பு அமைப்புகள் எல்லாமே அழிந்துபோகும். பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு, ஆள் வந்து மறுபடி எல்லாவற்றையும் ஏற்றும்வரை இழுத்துக்கொண்டு போகும். நான் போய்ப் பார்த்த வீடுகள் பலவற்றில் முதல் கோளாறு தானாகவே நீங்கிவிட்டிருக்கும். மிச்சம் இருப்பது ரீசெட் உண்டாக்கிய கோளாறுதான்.

இங்கே சொல்வது, ஃபைபர் வயர் ஒரு பெட்டிக்கு வந்து, அதிலிருந்து வைஃபையிலோ லான் வயரிலோ கம்ப்யூட்டருக்கு நெட் போகும் வீடுகளுக்கு. அந்தப் பெட்டியை ஓஎன்டி என்பார்கள். வீட்டில் மோடம் என்றோ ரவுட்டர் என்றோதான் சொல்கிறோம், நானும் ரவுட்டர் என்றே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

எதையும் தொடும் முன் இரண்டு சோதனை

முதல் சோதனை: போனை அதே வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். "போன்ல நல்லா வருதே" என்று நம்பி, நல்லாயிருக்கும் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் நோண்டுபவர்கள் நிறைய.

இரண்டாவது: போனில் இப்போது வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை மறுபடி போடுங்கள். போனை யூஎஸ்பி வயரால் கம்ப்யூட்டரில் செருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை, அதாவது போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வசதியைப் போடுங்கள். கம்ப்யூட்டரில் நெட் வருகிறதா?

போனுக்கும் வைஃபையில் நெட் இல்லை, ஆனால் டெதரிங்கில் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். போனில் வைஃபை நன்றாக ஓடி, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லையென்றால் ரவுட்டரை விட்டுவிடுங்கள். டெதரிங்கிலும் கம்ப்யூட்டர் ஓடவில்லையென்றால், வைஃபை கார்டையும் வயரையும் சந்தேகப்பட வேண்டாம். விண்டோஸுக்குள் ஏதோ அமைப்பு மாறியிருக்கிறது.

அறிகுறி 1: வீட்டில் எதிலுமே நெட் இல்லை

இதற்கு ரவுட்டரின் விளக்குகளே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

*ஒரு விளக்கும் எரியவில்லை.* சுவிட்ச், பிளக் பாயின்ட், அப்புறம் அடாப்டர். அதே பாயின்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் பாயின்ட் சந்தேகம் தீரும். மிச்சம் அடாப்டர்தான். ரவுட்டரில் முதலில் சாவது பெரும்பாலும் அதுதான், மலிவானதும் அதுதான். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட். புதிதாக வாங்கும் அடாப்டரில் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. பின் பொருந்துகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைச் செருகாதீர்கள். இரண்டிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

*விளக்குகள் எல்லாம் சேர்ந்து அணைந்து, மறுபடி எரிகின்றன.* ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இதற்கும் பெரும்பாலும் வலுவிழந்த அடாப்டர்தான் காரணம். வைஃபையை நிறையப் பேர் பயன்படுத்தும் நேரத்தில் இது அதிகமாக நடந்தால் சந்தேகமே வேண்டாம். மினி யூபிஎஸ் வழியாக இணைத்திருந்தால், அதைக் கழற்றிவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள். யூபிஎஸ்ஸின் பேட்டரி செத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

*எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிகிறது அல்லது மின்னுகிறது.* ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இது சரியாகாது. வீட்டுக்குள் ஃபைபர் வரும் வழியைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பீரோவையோ சோபாவையோ நகர்த்தினீர்களா? ஜன்னல் கதவு வயரை நசுக்குகிறதா? பெருக்கும்போது யாராவது இழுத்தார்களா? ஃபைபர் செப்புக்கம்பி போல மடங்காது. சுமார் மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குள் வளைந்தாலே ஒளி வெளியே கசிந்துவிடும். அழுந்திய இடத்தை விடுவித்ததும் சிவப்பு விளக்கு தானாக அணைந்த வீடுகள் உண்டு.

அப்புறம் ரவுட்டரின் அடியிலோ பின்பக்கமோ செருகியிருக்கும் பச்சை நிறக் கனெக்டர். அது 'டிக்' என்று உட்காரும்வரை மெல்ல உள்ளே தள்ளுங்கள். கழற்ற நேர்ந்தால் நுனியை விரலால் தொடவோ வாயால் ஊதவோ வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசையும் எச்சில் துளியும் ஒளியை மறைக்கப் போதும். நுனிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். வெளிச்சம் தெரியவில்லை என்பதால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தமில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கனெக்டரைக் கழற்றித் தொங்கவிடாதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் சிவப்பு போகவில்லையென்றால் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. வெளியே எலியோ அணிலோ கடித்திருக்கலாம், சாலை தோண்டியதில் அறுந்திருக்கலாம். அறுந்த ஃபைபரை டேப் சுற்றி ஒட்ட முடியாது. அதற்கென்று உள்ள ஸ்ப்ளைசிங் மெஷினில் உருக்கித்தான் இணைக்க வேண்டும். புகார் சொல்லும்போது "நெட் வரல" என்று மட்டும் சொல்லாமல், "எல்ஓஎஸ் சிவப்பு, உள்ளே வயர் பார்த்துவிட்டேன், பக்கத்து வீட்டில் வருகிறது" அல்லது "பக்கத்து வீட்டிலும் இல்லை" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால் தெருவில் வேலை இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியும், மெஷினோடு வருவார்கள்.

*சிவப்பு இல்லை, பான் (PON) விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது.* ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் கருவியோடு ரவுட்டரால் பதிவு செய்துகொள்ள முடியவில்லை. ரவுட்டரை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்படியும் மின்னினால் ஒளியின் வலு குறைந்திருக்கலாம். சில ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் (பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போட்டால் திறப்பது) ஆப்டிகல் பவர், அதாவது ஒளியின் வலு, டிபிஎம் என்ற அலகில் தெரியும். வீட்டு ஃபைபர் கருவிகள் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்று ஓடினாலும் நாளை நிற்கும். இதை நீங்கள் சரிசெய்ய முடியாது. அளவைக் குறித்துவைத்து லைன்மேனிடம் சொல்லுங்கள்.

*எல்ஓஎஸ் சிவப்பு இல்லை, பான் விளக்கும் மின்னாமல் எரிகிறது, ஆனால் நெட் இல்லை.* ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், ஆட்டோ பே தோற்றுப்போன குறுஞ்செய்தி மற்ற செய்திகளோடு கலந்து காணாமல் போயிருக்கும். பணம் கட்டிய பின் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் பல இடங்களில் இணைப்பு திரும்பும். ரீசார்ஜ் இருக்கிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் யாரோ ரீசெட் அடித்திருக்கிறார்களா என்று வீட்டில் கேளுங்கள். அடித்திருந்தால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும்.

அறிகுறி 2: கம்ப்யூட்டரில் வைஃபை பெயரே தெரியவில்லை

மற்ற வீட்டு வைஃபை எல்லாம் தெரிந்து, உங்களுடையது மட்டும் தெரியவில்லையென்றால் அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையாக இருக்கலாம். பழைய லேப்டாப்களும் மலிவான யூஎஸ்பி டாங்கிள்களும் (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கருவிகள்) 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டரில் 2.4 அணைக்கப்படவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயருமே தெரியவில்லையென்றால் ஏரோப்ளேன் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டின் மேல்வரிசையில் விமானப் படம் போட்ட பட்டன் தவறுதலாக அழுந்துவது சர்வசாதாரணம். சில பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளுசுவிட்சும் இருக்கும்.

வைஃபை ஐகானே காணோம் என்றால் முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் கொடுத்துப் போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் உள்நிலையைச் சேமித்துவைத்து அதையே திரும்ப எடுத்துவரும், டிரைவர் (வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

அப்படியும் வரவில்லையா? டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். வைஃபை கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் பிரச்சினை. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால், கார்டின் ப்ராபர்டீஸில் டிரைவர் பகுதிக்குப் போய் ரோல் பேக் கொடுங்கள். அது இல்லையென்றால் டெதரிங்கில் நெட் எடுத்து, லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு டிரைவரை இறக்குங்கள். 'எல்லா டிரைவரையும் புதுப்பித்துத் தருகிறேன்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களை நெருங்கவே வேண்டாம். ஒன்று சரியாகும், நாலு கெடும்.

கார்டே பட்டியலில் இல்லையென்றால் அது செத்திருக்கலாம். லேப்டாப்பைப் பிரிக்கக் கொடுக்கும் முன் ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

அறிகுறி 3: வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் 'நோ இன்டர்நெட்'

முதலில் வைஃபை பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபர்கெட் கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். போகவில்லையென்றால் கறுப்புத் திரைக்குப் போக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' (cmd) என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அதில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று சேர்த்துத் தட்டி என்டர் கொடுத்தால் சில வரிகள் வரும். வைஃபைக்குக் கீழே இருக்கும் ஐபிவி4 எண்ணைப் பாருங்கள்.

*எண் 169.254 என்று தொடங்குகிறது.* ரவுட்டர் கம்ப்யூட்டருக்கு முகவரியே தரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டு, கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரியாகி, இரண்டு நாளில் மறுபடி வந்தால் வீட்டில் இரண்டாவது ரவுட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் சிக்னல் வரவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்து லான் வயரில் இணைத்திருப்பார்கள். இரண்டுமே முகவரி வழங்கும், இரண்டின் சொந்த முகவரியும் 192.168.1.1 ஆகவே இருக்கலாம். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? இந்தக் கோளாறு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம். பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், முகவரி வழங்கும் டிஹெச்சிபியை (DHCP) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் மாற்றிவிட்டு, முதல் ரவுட்டரிலிருந்து வரும் வயரை அதன் வான் (WAN) துளையில் இல்லாமல் லான் துளை ஒன்றில் செருகுங்கள். 192.168.1.2 வேறு கருவிக்குப் போகாதபடி முதல் ரவுட்டர் வழங்கும் எண் வரிசைக்கு வெளியே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*எண் 192.168 என்று தொடங்குகிறது.* முகவரி கிடைத்திருக்கிறது. இனி எதுவரை போகிறது என்று மூன்று படியாகப் பாருங்கள். அதே கறுப்புத் திரையில் 'பிங்' (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு, டீஃபால்ட் கேட்வே என்று காட்டிய எண்ணைப் போடுங்கள். பதில் வராவிட்டால் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் தடை, ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் அதையே செய்து பாருங்கள். பதில் வந்தால் அடுத்து பிங் 8.8.8.8. கேட்வேயிலிருந்து பதில் வந்து இதற்கு மட்டும் வரவில்லையென்றால் அறிகுறி 1க்குத் திரும்புங்கள். இரண்டுக்கும் பதில் வருகிறது, ஆனால் கூகுளின் முகவரியைப் பெயராக (google.com) போட்டு பிங் செய்தால் மட்டும் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் கோளாறு.

டிஎன்எஸ்ஸைச் சரிசெய்வது சுலபம். செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் ப்ராபர்டீஸுக்குப் போய், டிஎன்எஸ்ஸை மேனுவலாக்கி, ஐபிவி4 பகுதியில் 8.8.8.8 என்றும் இரண்டாவதாக 1.1.1.1 என்றும் போட்டுச் சேமியுங்கள். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃப்ளேருடையது. இரண்டும் இலவசம்.

*மூன்று பிங்கும் பதில் தருகின்றன, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை.* இதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. காரணங்கள் மூன்று. ஒன்று, ப்ராக்ஸி, அதாவது பிரவுசரின் நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பும் அமைப்பு: ஏதோ ஒரு மென்பொருளோ வைரஸோ போட்டுவிட்டுப் போயிருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸியைத் திறந்து, மேனுவல் ப்ராக்ஸி ஆனில் இருந்தால் அணையுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் மட்டும் ஐடி ஆட்களைக் கேட்காமல் தொடாதீர்கள். அணைத்தது தானாக மறுபடி ஆனாகிறது என்றால் வைரஸ் ஸ்கேன் அவசியம். இரண்டு, விபிஎன் அல்லது காலாவதியான ஆன்டிவைரஸ். விபிஎன்னைத் துண்டியுங்கள், காலாவதியான ஆன்டிவைரஸை முழுதாக நீக்குங்கள். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிடும்.

மூன்று, தேதி. திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். தேதி சில வருடம் பின்னால் இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் சொல்லும். தேதியைச் சரிசெய்தால் உடனே திறக்கும். டெஸ்க்டாப்பை அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதிக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும்.

இதற்கும் மசியவில்லையென்றால் கடைசியாக விண்டோஸ் நெட்வொர்க் ரீசெட். விண்டோஸ் 11ல் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸிலும், 10ல் நெட்வொர்க் பகுதியின் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியிலும் இருக்கும். இது ரவுட்டரைத் தொடாது, கம்ப்யூட்டரில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும்தான் போகும். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

அறிகுறி 4: லான் வயர் போட்டும் இணைப்பு இல்லை

வயர் செருகும் துளையின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வேறு லான் துளைக்கு மாற்றுங்கள், அப்புறம் வேறு வயர். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் பார்க்க நன்றாக உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், ஆனால் தொட்டால் ஆடும்.

இணைப்பு இருக்கிறது, 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் 95க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? வயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். அதற்கு மேல் கிகாபிட்டுக்குப் போக நீலமும் பழுப்பும் சேர வேண்டும். இவற்றில் ஒன்று பிளக்குக்குள் விட்டிருந்தால் பெரும்பாலும் வேகம் 100ல் இறங்கி நின்றுவிடும், வேறு எந்த அறிகுறியும் இருக்காது. பிளக்கைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பாருங்கள், எட்டுக் கம்பியும் நுனிவரை வந்திருக்கிறதா என்று தெரியும். பழைய கம்ப்யூட்டரின் லான் துளையே 100தான் என்றால் வயர் மாற்றிப் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகை இடிக்குப் பிறகு திடீரென்று லான் மட்டும் போனால் துளை எரிந்திருக்கும். மாடி வழியாக வெளியே இழுத்த லான் வயர் இருக்கும் வீடுகளில் இது அதிகம். யூஎஸ்பி லான் அடாப்டர் வாங்கிப் போடுங்கள், மதர்போர்டை மாற்றாதீர்கள். இடி இடிக்கும்போது மின் பிளக்கை மட்டுமல்ல, லான் வயரையும் கழற்றி வையுங்கள்.

அறிகுறி 5: நெட் வருகிறது, ஆனால் மெதுவாக அல்லது அறுந்து அறுந்து

ரவுட்டரில் நேராக லான் வயர் செருகி வேகம் பாருங்கள். அதிலும் மெதுவென்றால் வைஃபையைக் குறை சொல்ல முடியாது. திட்டத்தின் டேட்டா அளவு தீர்ந்து நிறுவனம் வேகத்தைக் குறைத்திருக்கிறதா என்று அவர்கள் செயலியில் பாருங்கள். இன்னொன்று: 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் டவுன்லோடு நொடிக்கு 12 எம்பி என்று காட்டினால் அது சரியான வேகம்தான். திட்டத்தை பிட்டில் சொல்கிறார்கள், டவுன்லோடு பைட்டில் காட்டுகிறது, எட்டால் வகுக்க வேண்டும்.

வயரில் நல்ல வேகம், வைஃபையில்தான் குறைவு என்றால் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிவிக்குப் பின்னால், ஷூ அலமாரிக்குள், பரண்மேல் என்று எங்கெங்கோ ஒளித்துவைக்கிறோம். நம் வீடுகளில் வைஃபைக்குப் பெரிய எதிரி ஸ்டீல் பீரோ. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அது நின்றால் அந்த அறைக்கு சிக்னல் போகாது. ரவுட்டரை ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ரிப்பீட்டர் வாங்குவது அதற்குப் பிறகு.

ஒரே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், இரண்டு சுவர் தாண்டி என்றால் 2.4. அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 திணறினால் ரவுட்டரில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். இந்த மூன்றுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

பலரும் சந்தேகப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை திணறுகிறது, கழற்றியதும் சரியாகிறது என்றால் அது தற்செயல் இல்லை. யூஎஸ்பி 3 வயர் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இரைச்சல் எழுப்பும். டாங்கிளும் டிஸ்க்கும் அடுத்தடுத்த துளையில் இருந்தால் டாங்கிளை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் வைஃபை அறுகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

தினமும் இரவில் மட்டும், வயரிலும் மெதுவென்றால் பகுதியில் நெரிசல். வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை. சில நாட்கள் நேரத்தோடு வேகத்தைப் படம் எடுத்துவைத்துப் புகார் கொடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது, வந்தால் என்ன கேட்பது

எல்ஓஎஸ் சிவப்பு, பான் மின்னல், ரீசெட் ஆன ரவுட்டர், வயரிலும் குறையும் வேகம் இவற்றுக்கு நெட் நிறுவனம். எரிந்த லான் துளை, பட்டியலில் இல்லாத கார்டு, தானாகத் திரும்பும் ப்ராக்ஸி இவற்றுக்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக். ஆளை மாற்றிக் கூப்பிட்டால் "எங்க பக்கம் சரியா இருக்கு" என்ற பதிலோடு வருகைக் கட்டணமும் சேரும்.

நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தால் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி எண் தர வேண்டியது அவர்கள் கடமை. தீர்வு சரியில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் அந்த எண் இல்லாமல் ஒன்றும் நகராது.

லைன்மேன் வந்து சரிசெய்ததும் உடனே அனுப்பிவிடாதீர்கள். லான் வயரில் வேகம் பார்க்கச் சொல்லுங்கள், ஆப்டிகல் பவர் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு மூன்றையும் எழுதி வாங்கி, ரீசார்ஜ் ரசீது வைக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.